தீவில் லாட்ஜ், நண்பர் பெயரில் நிலம்: திருப்பூர் வாசகருக்கு ஒரு வக்கீலின் பதில்

திருப்பூரில் பன்னிரண்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு பனியன் ஜாப் ஒர்க் நடத்தும் 34 வயது வாசகர் ஒருவர் எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நண்பர்களோடு லட்சத்தீவுகளில் உள்ள கட்மத்துக்குப் போனவர், அங்கே முதல்முறையாகக் கடலுக்கு அடியில் இறங்கி, ஓர் ஆமையைப் பார்த்திருக்கிறார். அடுத்த வருடமே திரும்பிப் போய் ‘ஓப்பன் வாட்டர்’ என்ற ஆரம்ப நிலை டைவிங் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார். டைவிங் படகில் வேலை செய்யும் உள்ளூர் இளைஞர் ஒருவர் நெருங்கிய நண்பராகிவிட்டார். அந்த நண்பருக்கு லகூன் (பவளத் திட்டுக்குள் அடங்கிய ஆழம் குறைந்த கடல்) ஓரத்தில் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. பக்கத்தில் அவருடைய உறவினரின் 15 சென்ட்டும் விலைக்கு வருகிறது. நம் வாசகர் பணம் கொடுப்பார், பத்திரம் நண்பர் பெயரில் இருக்கும், நண்பர் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருவார். டைவிங் செய்ய வருகிறவர்களுக்கு ஆறு அறை லாட்ஜ், ஒரு படகு, காற்று நிரப்ப ஒரு கம்ப்ரஸர், சிலிண்டர்கள் என மொத்தம் 80 லட்சம் ரூபாய். அதற்காக உடுமலைப் பக்கம் அப்பா பெயரில் உள்ள ஆறு ஏக்கர் தோப்பில் இரண்டரை ஏக்கரை விற்கப் போகிறார். தாத்தா காலத்து பூமி அது. 1978இல் பங்காளிகளுக்குள் பாகம் பிரித்து அப்பாவுக்கு வந்தது. தங்கைக்கு 2012இல் கல்யாணம் ஆனது. “நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோம், அதனால் அவள் கையெழுத்து தேவையில்லை” என்று எழுதியிருக்கிறார். மனைவி ஆசிரியை. “முதலீடு போடாமல் ஒரு வருடம் பார்க்கலாம்” என்பது அவர் கருத்து. கடைசியில் ஒரு வரி: “கடல் யாருக்கும் சொந்தமில்லையே மேடம், அப்புறம் எதற்கு இத்தனை அனுமதி?”

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆமையைப் பார்த்த பத்திதான். பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டி வளர்ந்த ஒருவருக்குக் கடல் இப்படி மனதில் ஒட்டிக்கொண்டதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆகவே ‘வேண்டாம், பேசாமல் பனியன் கம்பெனியைப் பாருங்கள்’ என்று சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் இந்தத் திட்டத்தில், இந்த வடிவத்தில், ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சட்டம் என் தொழில். கடல் பற்றிய சில விஷயங்களை டைவிங் பயிற்றுநர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டேன்.

நண்பர் பெயரில் நிலம்

லட்சத்தீவு மற்ற சுற்றுலா இடங்களைப் போல அல்ல. 36 தீவுகள், அவற்றில் பத்தில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான். கட்மத்தை எடுத்துக்கொண்டால் சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலேயே ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அங்கேயே பிறந்து, தாய் தந்தை இருவரும் அந்தத் தீவுகளில் பிறந்தவர்களாக இருந்தால் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் வருவார்கள். அவர்கள் நிலம் வெளியாட்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக 1960களிலேயே ஒழுங்குமுறைகள் கொண்டுவரப்பட்டன. நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் வெளியாளுக்கு விற்க முடியாது. அடமானம், குத்தகை என்று வேறு பெயர் வைத்தாலும் அதே கட்டுப்பாடுதான். இது யாரோ ஒரு அதிகாரியின் பிடிவாதம் இல்லை. அரை கிலோமீட்டர் அகலமுள்ள ஊரில் பணம் உள்ளவர்கள் வந்து வாங்க ஆரம்பித்தால் ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்? நம் ஊரில் நூல் மில்லுக்கும் லேஅவுட்டுக்கும் காடு தோட்டமெல்லாம் போன கதை உங்களுக்குத் தெரியாததா?

‘அதனால்தான் நண்பர் பெயரில் வாங்குகிறேன்’ என்கிறீர்கள். அங்கேதான் பெரிய குழி இருக்கிறது. பணம் உங்களுடையது, பெயர் அவருடையது, பலன் உங்களுக்கு என்றால் சட்டம் அதை பினாமி என்றுதான் சொல்லும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு மிகவும் கடுமையாகிவிட்டது. சொத்தையே அரசு பறிமுதல் செய்யலாம். ஒரு வருடம் முதல் ஏழு வருடம் வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். இது உங்களுக்கும் உண்டு, உங்கள் நண்பருக்கும் உண்டு. நல்ல மனதோடு உதவ வந்த ஒரு பையனை நீங்கள் இதில் இழுத்துவிடுகிறீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நாளைக்கு நண்பரோ, அவர் இல்லாத காலத்தில் அவருடைய குடும்பமோ ‘இது எங்கள் நிலம்’ என்று சொன்னால், ‘பணம் நான் கொடுத்தேன், சொத்து என்னுடையது’ என்று நீங்கள் கோர்ட்டுக்கே போக முடியாது. பினாமிச் சொத்தை உரிமை கோரும் வழக்கை அந்தச் சட்டமே தடுக்கிறது.

பொது அதிகாரப் பத்திரம் கைகொடுக்கும் என்று நம்புகிறீர்கள். கோவை, திருப்பூர் பக்கம் ‘பவர் வாங்கிட்டேன்’ என்றாலே நிலம் வாங்கிவிட்ட மாதிரி பேசும் பழக்கம் இருக்கிறது. பவர் என்பது ஒருவர் சார்பில் வேலை செய்ய ஆள் நியமிப்பது மட்டும்தான். பவர் மூலம் சொத்துரிமை கைமாறாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாதாரணமாக, எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு முடிந்தது. நண்பரின் சொந்தத் தோப்பில் நீங்கள் கட்டும் ஆறு அறைக்கும் இதே நிலைதான். நிலம் அவருடையது என்பதால் கட்டடத்தின் மேலும் உங்களுக்கு உறுதியான பிடி இருக்காது.

தங்கையின் கையெழுத்து

இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. சீர் செய்தாயிற்று, அதனால் பங்கு இல்லை என்ற பேச்சை நம் பக்கத்தில் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். என்னிடம் வரும் பாகப்பிரிவினை வழக்குகளில் முக்கால்வாசி இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. சீர் என்பது நீங்கள் பாசத்தோடு செய்தது, முறைக்காகச் செய்தது. அது சொத்துப் பங்குக்கு ஈடு ஆகாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய அவருடைய பங்கு அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று மாநிலச் சட்டத் திருத்தம் சொன்னது. அதற்கு முன்பு கல்யாணமான பெண்களை மட்டும் விலக்கியது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: இந்த உரிமை பிறப்பால் வருவது, மகனைப் போலவே மகளுக்கும். உங்கள் தங்கை 2012இல் கல்யாணம் ஆனவர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவருக்குப் பங்கு உண்டு.

1978 பாகம் என்பது உங்கள் அப்பாவும் பெரியப்பா சித்தப்பாக்களும் பிரித்துக்கொண்டது. அப்படி வந்த பூர்வீகச் சொத்து அப்பாவின் கையில் அவருடைய பிள்ளைகளுக்கும் சேர்ந்த சொத்துதான். எனவே அப்பா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு என்றுதான் கணக்கு போட வேண்டும். அப்பா தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய நிலமாக இருந்தால் கதை வேறு, அதை அவர் விருப்பப்படி விற்கலாம். ஆறு ஏக்கரும் ஒரே வழியில் வந்ததா, நடுவில் ஏதாவது ஒரு பகுதி கிரயத்தில் வந்ததா என்பதை மூலப் பத்திரம்தான் சொல்லும். வில்லங்கச் சான்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நடைமுறையிலும் பாருங்கள். விவரமான யாரும் இன்று தங்கையின் கையெழுத்து இல்லாமல் தோப்பை வாங்க மாட்டார்கள். அது இல்லாமலேயே வாங்கத் தயாராக இருக்கிறவர் விலையை அடித்துக் கேட்பார். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் போனால் அந்த நஷ்டமும் உங்களுக்குத்தான்.

கடல் யாருடையது

கடல் எல்லோருக்கும் பொது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தீவில் கால் வைக்கவே, தீவுக்காரர் அல்லாதவருக்கு 1967ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி வேண்டும். நீங்கள் சுற்றுலாப் பயணியாகப் போனபோது ஏற்பாட்டாளர்கள் அதை எடுத்துக் கொடுத்ததால் உங்களுக்குச் சிரமம் தெரியவில்லை. அங்கே தங்கித் தொழில் செய்ய சுற்றுலா அனுமதி போதாது. உங்கள் ஒவ்வொரு விருந்தினருக்கும் அனுமதி எடுக்க வேண்டும், கப்பலிலோ விமானத்திலோ இடமும் கிடைக்க வேண்டும். அறை காலியாக இருக்கிறது, ஆள் வரத் தயார், ஆனால் டிக்கெட் இல்லை என்ற நிலை வந்தால் அதைச் சரிசெய்ய உங்கள் கையில் எதுவும் இருக்காது. பங்காரத்தைத் தவிர மற்ற தீவுகளில் மதுவிலக்கும் உண்டு. நம் பக்கத்திலிருந்து குழுவாக வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

கட்டடத்துக்கும் தனிக் கட்டுப்பாடு. 2011இல் வந்த தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கையும், ஒவ்வொரு தீவுக்கும் போட்ட ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டமும் கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் கட்டக் கூடாது என்று சொல்கின்றன. ‘அலை வந்து வாசலைத் தொடும் அறை’ என்று படம் வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் கட்ட முடியாது.

தண்ணீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் பல்லடம், காங்கேயம் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் தேடுகிறோம். அங்கே நிலைமை நேர்மாறு. மழைத் தண்ணீர் பவளப் பாறை மணலுக்குள் இறங்கி, கடல் நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டார் வைத்து வேகமாக இழுத்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும். உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். இதனால்தான் தலைநகரான கவரத்தியில் 2005இல் தொடங்கி, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை அரசு அங்கே அமைத்து வருகிறது. ஆறு அறை, ஒவ்வொன்றிலும் ஷவர், டைவிங் உடைகள் அலச ஒரு தொட்டி என்றால் அத்தனை தண்ணீரும் ஊர்க்காரர்களின் பங்கிலிருந்துதான் வரும். சிமென்ட், கம்பி, மணல் எல்லாமே மங்களூர், பேப்பூர் போன்ற துறைகளிலிருந்து கடல் வழியாக வர வேண்டும் என்பதால் திருப்பூர் ரேட்டில் போட்ட உங்கள் கட்டுமானக் கணக்கும் தாங்காது.

வருமானமும் பொறுப்பும்

வருடத்துக்கு 300 நாள், பாதி அறை நிரம்பும் என்று போட்டிருக்கிறீர்கள். ஆறு அறைக்கு 900 அறை-இரவுகள். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் டைவிங்குக்கு ஆகாது. அக்டோபரிலிருந்து மே நடு வரைதான் சீசன். அதிலும் காற்று, கப்பல் தாமதம் எல்லாம் போக 200 நாள் என்று வையுங்கள். அதே பாதி நிரம்பினால் 600. உங்கள் வரவில் மூன்றில் ஒரு பங்கு இப்போதே போய்விட்டது, செலவு மட்டும் 12 மாதமும் ஓடும்.

அப்புறம் பயிற்சி. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் உங்களை 18 மீட்டர் வரை, இன்னொரு டைவரோடு இறங்க அனுமதிக்கிறது. விருந்தினரைக் கூட்டிக்கொண்டு இறங்க அது போதாது. அதற்கு அட்வான்ஸ்ட், ரெஸ்க்யூ, டைவ் மாஸ்டர் என்று படிகள் உண்டு. ‘பேடி’ என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் கணக்கில் டைவ் மாஸ்டர் சான்றிதழுக்குக் குறைந்தது 60 டைவ் பதிவாகியிருக்க வேண்டும், பயிற்றுநர் தேர்வுக்கு 100. நீங்கள் இதுவரை ஒன்பது முறை இறங்கியிருக்கிறீர்கள்.

பல முறை டைவ் செய்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் திடீரென்று குறைந்தால் குமிழியாக மாறும், அது உயிருக்கே ஆபத்து. நான்கு இரவுத் தொகுப்பு என்று விற்றாலும் கடைசி நாள் டைவிங் கிடையாது. (முருடேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ டைவ் செய்துவிட்டு அன்றைக்கே காரில் ஊட்டி ஏறுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மலை ஏறினாலும் அழுத்தம் குறையும்.) படகில் சுத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும், இந்தக் குமிழிப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு யார், எப்படி, எத்தனை மணி நேரத்தில் கொண்டுபோவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் 80 லட்சத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

‘ஆபத்துக்கு நானே பொறுப்பு’ என்று விருந்தினர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. அந்தப் படிவம், ஆபத்தை அவருக்கு எடுத்துச் சொன்னீர்கள் என்பதற்கு மட்டுமே ஆதாரம். கம்ப்ரஸர் காற்றில் புகை கலந்திருந்தாலோ, பயிற்சி இல்லாத ஆளை அனுப்பியிருந்தாலோ அது உங்களைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். டெல்லி விருந்தினர் என்றால் நீங்கள் டெல்லிக்கு அலைய வேண்டும். உயிர் போய்விட்டால் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக, பாரதிய நியாய சம்ஹிதை 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. பவளத்தை விருந்தினர் ஒருவர் ஒடித்து நினைவுப் பொருளாகப் பையில் போட்டால்கூட வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணைக் குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டு. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறி வெளுத்து, அடி வாங்கி நிற்கும் பவளம் அது. நீங்கள் விற்கப்போகும் காட்சியே அதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்

உங்கள் மனைவி சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தையல் யூனிட்டை நம்பிக்கையான சூப்பர்வைசரிடம் விட்டு, வரும் சீசனில் டைவ் மாஸ்டர் பயிற்சி முடியுங்கள். ஏதாவது ஒரு டைவ் சென்டரில் முழு சீசன் வேலை பாருங்கள். செலவு சில லட்சத்துக்குள் அடங்கும். சிலிண்டர் தூக்கி, கடல் குமட்டலில் வாந்தி எடுப்பவரைப் பார்த்து, மழைக்காலத்தில் வெறும் கரையில் உட்கார்ந்து பார்த்த பிறகும் ஆசை இருந்தால் அந்த ஆசையை நம்பலாம்.

நண்பரோடு தொழில் செய்ய நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அவர் நிலம் அவருடையதாகவே இருக்கட்டும். உள்ளூர்க்காரரான அவர் தன் பெயரில், தன் முதலீட்டில், தேவையானால் தன் வங்கிக் கடனில் இரண்டு அறை ஹோம் ஸ்டே தொடங்கட்டும், அனுமதிகளை அவரே வாங்கட்டும். நீங்கள் கோவையிலிருந்து விருந்தினர்களைத் திரட்டி அனுப்புங்கள். கொச்சி வரை கூட்டிப்போவது, அனுமதி விண்ணப்பம், டிக்கெட், தமிழில் முன்பயிற்சி எல்லாம் உங்கள் வேலை. அதற்கு எழுத்தில் கமிஷன் ஒப்பந்தம் போட்டு வங்கி வழியே பணம் வாங்குங்கள். அவருக்குக் கைமாற்று கொடுத்தால் கடன் என்றே எழுதுங்கள், லாபப் பங்கு, நில உரிமை என்று எதையும் அதற்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

சொந்தமாக லாட்ஜ் நடத்தியே ஆக வேண்டும் என்றால் அந்தமானைப் பாருங்கள். ஹேவ்லாக், அதாவது 2018இலிருந்து சுவராஜ் தீவு, அங்கே இந்தியர்களுக்கு நுழைவு அனுமதிச் சிக்கல் இல்லை. தமிழ் பேசும் மக்களும் அந்தமானில் நிறைய. ஆனால் அங்கும் விவசாயத்துக்கென்று குடியேறியவர்களுக்குக் கொடுத்த நிலத்தில் பயன்பாட்டை மாற்ற அனுமதி வாங்காமல் லாட்ஜ் கட்ட முடியாது, கரையோரக் கட்டுப்பாடும் உண்டு. ஏற்கெனவே உரிய அனுமதிகளோடு நடக்கும் சின்ன லாட்ஜ் ஒன்றைப் பதிவு செய்த குத்தகைக்கு எடுப்பது நல்லது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத் தாளில் எழுதினால் அதை நம்பிப் பணம் போட முடியாது. தொழிலை எல்.எல்.பி.யாக (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) பதிவு செய்யுங்கள். கடனுக்காக அப்பா வீட்டை மட்டும் வங்கியில் அடமானம் வைக்காதீர்கள். தவணை நின்றால் 60 நாள் நோட்டீசுக்குப் பிறகு கோர்ட் வழக்குக்குக் காத்திராமலே வங்கி அந்த வீட்டின் மேல் கை வைக்கலாம்.

தோப்பை இப்போது விற்காதீர்கள். உடுமலை சார்பதிவாளர் அலுவலகத்தில் 1978 பாகப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு இந்த வாரமே மனு போடுங்கள். நகல் கைக்கு வந்ததும் தங்கை வீட்டுக்கு நீங்களே நேரில் போய் அதை அவரிடம் காட்டுங்கள். கையெழுத்துக் கேட்டுப் போகாதீர்கள். கடலுக்கடியில் பார்த்த ஆமையைப் பற்றி எனக்கு எழுதினீர்களே, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.